மைக் அக்கா வாய் மூடிய இரண்டு மாதம்

நகரத்தில் அவளுடைய முகம் தெரிந்தவர்கள் ஒரு பஸ்ஸுக்குள் அடங்கிவிடுவார்கள். குரல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மத்தியப் பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யார் பையைத் தொலைத்தார்கள், யார் பிள்ளையைத் தொலைத்தார்கள் என்று காலை முதல் சாயங்காலம் வரை சொல்வதுதான் அவள் வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தக் குரல் பிறவியிலேயே வந்தது. பிறந்த அன்று அவள் அழுத அழுகையில் பக்கத்து வார்டிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாராம். பள்ளிக்கூடத்தில் மணி உடைந்தபோது புது மணி வரும்வரை அவளைத்தான் வாசலில் நிறுத்திக் கத்தச் சொன்னார்கள். புது மணி வந்த பிறகு, சத்தம் பத்தவில்லை என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த வேலைக்கு நேர்காணல் நடந்த அன்று கரண்ட் போய்விட்டது. வந்திருந்த மற்றவர்கள் மைக் வேலை செய்யட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தார்கள். இவள் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொடுத்த தாளை வாசித்தாள். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கணவரையும் அந்த வாய்தான் சம்பாதித்துக் கொடுத்தது. அவர் அதே நிலையத்தில் டிரைவர். பன்னிரண்டாம் எண் பஸ். மூக்குக்குக் கீழே ஒரு மீசை வைத்திருந்தார், பஸ்ஸுக்கு முன்னால் பம்பர் இருப்பதைப் போல. முகம் பார்ப்பதற்கு முன்பே குரலில் விழுந்துவிட்டார் மனுஷன். "என் பஸ்ஸை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவா, அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். "உங்க பஸ் என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? வர்ற வரைக்கும் இழுத்துத்தானே ஆகணும்" என்பது அவள் பதில்.

கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில் அவர் அவளை அமைதித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நகரத்தில் பூங்காக்கள் பல உண்டு, ஆனால் வாசலிலேயே 'இங்கே பேசக் கூடாது' என்று பலகை வைத்த பூங்கா அது ஒன்றுதான். அங்கே போய் அவர் காதோடு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது நமக்கு வேண்டாம். அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் குளத்தில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்து பறந்தன. எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம். ஒல்லியான காவலாளி ஒருவர் வந்து வாசல் பக்கம் கையைக் காட்டினார். கணவரைப் பார்த்து, நீங்கள் வேண்டுமானால் இருக்கலாம் என்று சைகை வேறு. அன்றோடு பூங்கா என்றாலே அவளுக்கு ஆகாமல் போய்விட்டது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள், ஏழாம் மேடை என்று சொல்லும்போது 'ஏ' வந்தது, மற்றது வரவில்லை.

தொண்டை டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு" என்றார். "கத்திக் கத்தி வந்தது. ரெண்டு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்படியே கரைஞ்சா நல்லது. இல்லன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் குரல் எப்படி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

எப்போதிலிருந்து என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் தன் உதட்டில் விரலை வைத்தார். "ஆரம்பிச்சாச்சு."

நிலைய மேலாளர் கெட்டவர் இல்லை. எதையும் முடித்துக் கோப்பை மூடிவிட வேண்டும் என்கிற அவசரம், அவ்வளவுதான். "ரெண்டு மாசத்துக்கு மிஷின் போட்டுக்கிறோம். பதிவு பண்ணின குரல் தானா பேசும். நீங்க வரும்போது குரல் சரியா இருந்தா உங்க நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா பார்சல் ஆபீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். பார்சல் ஆபீஸ் என்பது நிலையத்தின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே பேசுவதற்கு மூட்டைகள்தான் உண்டு. அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள், சத்தமில்லாமல். அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது.

டிரைவர்கள் ஓய்வறையில் அன்றைக்கே விஷயம் அலசப்பட்டது. பேச்சு வாக்கில் கணவர் சொல்லிவிட்டார்: "அவளாவது, ரெண்டு மாசம் வாய மூடுறதாவது? அப்படி மூடிட்டா நான் இந்த மீசைய எடுத்துடறேன்." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அவருடைய மீசைக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, கத்தரிக்கோல் போல ஒருமுறை வெட்டிக் காட்டினாள்.

ஆனால் வீட்டில் வாயைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? முதல் வாரத்திலேயே ஒரு விநோதம் நடந்தது. அவள் பேசுவதில்லை என்றதும், அவளுக்குக் காதும் கேட்காது என்று வீட்டார் எப்படியோ முடிவு கட்டிவிட்டார்கள். மாமியார் சாப்பிட வா என்பதற்கு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். கணவர் தெருமுனைக்குக் கேட்கும்படி "தண்ணி... வேணுமா... தண்ணி..." என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி இன்னும் ஒருபடி மேலே போய், அவளை வைத்துக்கொண்டே மாமியாரிடம் "பாவம், எப்படி இருந்த மனுஷி" என்றாள். மாமியார், "பாவந்தான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, வீடு நல்லா அமைதியா இருக்கு" என்றார். அது மட்டுமா? "பஸ் ஸ்டாண்டுல இப்ப ஒரு பொண்ணு பேசுதே, என்ன அடக்கமா பேசுது தெரியுமா" என்றும் சேர்த்துக்கொண்டார். மிஷினை!

பதில் நாக்கு நுனிக்கு வந்து முட்டியது. இன்னும் ஒரு நாள் இந்த வீட்டில் இருந்தால் பேசிவிடுவேன், பேசினால் குரல் போகும், குரல் போனால் நாற்காலி போகும், நாற்காலி போனால் மூட்டைதான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் காலை ஊழியர் பாஸை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பேச அவசியமே இல்லாத இடம் எது என்று யோசித்தபோது, இத்தனை வருஷமாக ஆகாது என்று ஒதுக்கி வைத்த பூங்காக்கள்தான் நினைவுக்கு வந்தன.

முதலில் நகரத்துக்கு நடுவில் இருக்கும் பெரிய பூங்காவுக்குப் போனாள். பூக்கள் வரிசை பிசகாமல் நின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. ஆனால் மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டி ரேடியோ வைத்திருந்தார்கள். அதற்கு மேலே நடைப்பயிற்சிக்காரர்கள் சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் கூவிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவர் அவளை நிறுத்தி மணி என்ன என்று கேட்டார். கைக்கடிகாரத்தைக் காட்டினாள். திமிர் பிடித்தவள் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஊரெல்லாம் நேரம் சொன்னவளுக்கு வந்த பெயர் இது.

அடுத்தது பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மூலிகைத் தோட்டம். ஃப்ளாஸ்க்கும் பையுமாக நோயாளிகளின் உறவினர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். துளசிப் பாத்திக்கு எதிரே ஒரு பெஞ்சில் இருந்த பெண் யாரும் கேட்காமலே தன் அண்ணனுடைய உடம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மைக் அக்காவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. எந்த டாக்டர், எந்த வார்டு, பயப்படாதே, எங்கள் வீட்டிலும் இப்படித்தான். ஒன்றும் சொல்ல முடியாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நடுவில் புகாமல் ஒருவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. எழுந்துபோகும்போது அந்தப் பெண், "உங்ககிட்ட பேசினது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுக்கா" என்றாள். மைக் அக்கா வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே இருந்தாள். பேசாததற்காக இதற்கு முன் யாரும் தனக்கு நன்றி சொன்னதில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏரிக்கரைப் பூங்கா, நூலகத்துக்குப் பின்னாலிருந்த சின்னத் தோட்டம் எல்லாம் சுற்றியாயிற்று. ஏரிக்கரையில் ஊஞ்சலும் ஐஸ் வண்டியும். நூலகத் தோட்டத்தில் இடமே இல்லை, பெஞ்ச் முழுக்கத் தூங்குகிறவர்கள். சுற்றிச் சுற்றி, கடைசியில் போகவே கூடாது என்றிருந்த இடத்தின் வாசலில் போய் நின்றாள்.

அமைதித் தோட்டம் ஒரு காலத்தில் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த பெரிய செங்கல் தொட்டி. இப்போது படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். ஒரு மூலையில் மோட்டார் போட்டு, சுவர் உச்சியிலிருந்து தண்ணீரை விழவைத்திருந்தார்கள்; அது கால்வாயாக ஓடி அல்லிக்குளத்தில் சேரும். ஆளுயரப் புதர்வேலிகள் வட்டம் வட்டமாக வளைந்து போகும், வளைவுக்கு ஒரு பெஞ்ச். பக்கத்து வளைவில் யார் இருக்கிறார் என்று தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. வாசலில் அதே காவலாளி, கழுத்தில் அதே விசில். கொஞ்சம் நரைத்திருந்தார், அவ்வளவுதான். அவளைப் பார்த்தார், தலையாட்டி உள்ளே விட்டார். அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது குரல்தானே.

நாலைந்து நாள் அவள் தொடர்ந்து வந்து குளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் விசில்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம், பேசத் தடையில்லாத வாசலுக்கு வெளியே அவளை நிறுத்தினார். "அம்மா, வீட்டுல ஆயிரம் பிரச்சினை இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் குளத்துல தண்ணி முழங்கால் அளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோளைக் குலுக்கி அடக்கிக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

"ஓ, பேச வராதா" என்று அவர் முகம் இளகியது. அன்றிலிருந்து தோட்டத்தைப் பூட்டிய பிறகு அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வருவார். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கும் பேச ஓர் ஆள் வேண்டுமே. "பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா கத்தும், கேட்டிருக்கீங்களா? இப்ப அதைக் காணோம், ஏதோ மிஷின் பேசுது. தூங்குற மாதிரி இருக்கு. நேத்து என் பஸ்ஸையே விட்டுட்டேன்" என்றார் ஒருநாள். அவளுக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இன்னொரு நாள், "இந்த வேலையில நான் பாக்காத ஆள் இல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு, புதுசா கல்யாணமான மாதிரி இருந்துச்சு. சிரிச்சது பாருங்க ஒரு சிரிப்பு, கொக்கெல்லாம் பறந்து போச்சு. மறுபடி வரவே மாசக்கணக்காச்சு" என்றார். அவள் மிகவும் அனுதாபத்தோடு தலையாட்டினாள்.

அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து அவள் ஒன்றைக் கவனித்தாள். மத்தியானம் விசில்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் வலையில் சிக்கிய இலைகளை எடுப்பார். தண்ணீர் நின்ற அந்தக் கணத்தில் தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். படிக்கிறவர் புத்தகத்திலிருந்து, தூங்குகிறவர் தூக்கத்திலிருந்து. சிலர் எழுந்தே நின்றுவிடுவார்கள். விழுகிற தண்ணீரை யாரும் கேட்பதில்லை, நின்ற தண்ணீர் எல்லோருக்கும் கேட்டது. கத்தியே காலம் தள்ளியவளுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது மாதத்தில் ஒரு பிற்பகல். புதர்வேலியின் வளைவில் ஒரு சின்னப் பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நாலு வயசு இருக்கும். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் சத்தமே இல்லை. உதட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே பேசக் கூடாது, பேசினால் விசில் மாமா வெளியே போகச் சொல்வார் என்று யாரோ சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள், குழந்தை அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொலைந்த பிள்ளைகளைத் தேடித் தருவது மைக் அக்காவுக்கு மூச்சு விடுவது போல. எத்தனை பிள்ளைகளைத் தாயிடம் சேர்த்த குரல்! ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும், தாய் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்துவிடுவாள். சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. கூடவே டாக்டரின் விரலும் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விசில்காரரிடம் ஓடினாள்.

விசில்காரர் குழந்தையைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். விசிலை எடுத்து நீளமாக ஊதினார். வேறு எந்த இடமாக இருந்தாலும் பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். இங்கே என்ன நடந்தது தெரியுமா? தங்களைத்தான் கண்டிக்கிறார் என்று நினைத்து, ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் அமைதியாகிவிட்டார்கள். குழந்தையின் தாயும் அப்படித்தான். பிள்ளையைக் காணோம் என்று பதறி வளைவு வளைவாக ஓடியவள், கூப்பிட்டால் தப்பு என்று வாயைப் பொத்திக்கொண்டே தேடியிருக்கிறாள். விசில் கேட்டதும் ஓடுவதும் தப்போ என்று நின்றுவிட்டாள். பேசக் கூடாத தாய், பேசாத பிள்ளை, பேச முடியாத மைக் அக்கா. ஆண்டவன் விளையாட்டுக்கு அளவே இல்லை.

விசில்காரர் மறுபடி ஊதப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நேரே மோட்டார் பெட்டிக்குப் போய் சுவிட்சை அணைத்தாள்.

தண்ணீர் நின்றது. தோட்டம் முழுவதும் தலை தூக்கியது. அதற்குள் அவள் குளத்தின் கட்டைச்சுவர்மேல் ஏறி, குழந்தையைத் தோள்மேல் உட்காரவைத்து நின்றாள். வேலிகளுக்கு மேலே தெரிந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். நாலாவது வளைவிலிருந்து ஒரு பெண் தலைதெறிக்க ஓடிவந்தாள். வந்து குழந்தையை வாரிக்கொண்டாள். அப்போதும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. விசில்காரர்தான் தாங்க மாட்டாமல், "அழும்மா, பரவாயில்ல. நல்லா சத்தமா அழு" என்றார், தோட்டத்துக்குள் நின்றுகொண்டு. அவருடைய வேலைக்காலத்தில் அவர் உள்ளே பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மைக் அக்கா அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். நெஞ்சு விம்மியது. வாயைத் திறக்காமலே ஒரு பிள்ளையைச் சேர்த்தாயிற்று. இனி எத்தனை மாமியார் வந்து எத்தனை மிஷினைப் புகழ்ந்தாலும் இந்த வாய் திறக்காது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

திறக்கவும் இல்லை. தவணை முடிந்ததும் டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். சிரித்தார். "கரைஞ்சிடுச்சு. எங்க, 'ஆ' சொல்லுங்க."

"ஆ" என்றாள். பழைய வெண்கலம் இல்லை, கொஞ்சம் தாழ்ந்த, இதமான ஒரு குரல். ஆனாலும் அவளுடையதுதான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இனிமே ஆயுசுக்கும் கத்தக் கூடாது. சாதாரணமா பேசலாம். கத்தினா முடிச்சு திரும்ப வந்துடும்."

தலையாட்டினாள். முதல் வாக்கியத்தை யாரிடம் சொல்வது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். சாயங்காலம் அமைதித் தோட்டத்தின் வாசலுக்கு வெளியே காத்திருந்தாள். விசில்காரர் பூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பியதும் கேட்டாள்: "ஏண்ணே, அந்தக் கொக்கெல்லாம் மறுபடி எப்பத்தான் வந்துச்சு?"

சாவிக்கொத்து அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "அட, அந்தப் பொண்ணா நீங்க? இருங்க, இருங்க. இந்தக் குரல்... பஸ் ஸ்டாண்டு அம்மாவும் நீங்கதானா?" பஸ் நிறுத்தம்வரை அன்று அவள்தான் பேசினாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

மறுநாள் காலையிலிருந்தே பேய்மழை. டாக்டர் கொடுத்த சான்றிதழோடு அவள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். அவர் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "கத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே. இந்த இரைச்சல்ல கத்தாம எப்படிம்மா முடியும்? மிஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க பேசாம பார்சல் ஆபீஸ்லயே..."

அவர் முடிப்பதற்குள் கீழே கூச்சல். மழைத் தண்ணீர் தாழ்வான மேடைகளுக்குள் புகுந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஆறுவரை நிற்க வேண்டிய பஸ்களை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மிஷினுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு, நாலாம் மேடை, ஐந்தாம் மேடை என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி இல்லாத பஸ்ஸைத் தேடினார்கள். டிரைவர்கள் ஹாரனை அடித்தார்கள், கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மேலாளர் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆளும் நனைந்து குரலும் கம்மித் திரும்பி வந்தார். "அம்மா... கொஞ்சம் ஏறி உக்காருங்க" என்றதில் பாதிக்கு மேல் காற்றுதான்.

அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கீழே அத்தனை இரைச்சல். பழைய ஆளாக இருந்தால் அதற்கு மேலே ஒரு கத்து கத்தியிருப்பாள். இன்று கத்தினால் இன்றோடு முடிந்தது. கத்தாவிட்டால் பார்சல் ஆபீஸ். பிறகு கையை நீட்டி, தோட்டத்தில் மோட்டார் சுவிட்சை அணைத்த மாதிரி, மிஷினை அணைத்தாள்.

இரண்டு மாதமாக ஓயாமல் ஓடிய குரல் பாதி வார்த்தையில் நின்றது. அவள் மைக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். மேலாளர் "பேசுங்க, பேசுங்க" என்று சைகை காட்டினார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். கீழே ஒருவர் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நிலையம் முழுவதும் தலை தூக்கி நின்றபோது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தோட்டத்தில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் போலவே இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். "யாரும் தண்ணியில இறங்க வேணாம். ஒவ்வொரு பஸ்ஸா சொல்றேன்."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தந்த பஸ்ஸுக்கு உரியவர்கள் மட்டும் நகர்ந்தார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு வழிவிடச் சொன்னாள், விட்டார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். மழை விடுவதற்குள் கடைசி பஸ்ஸும் நிறைந்து கிளம்பத் தயாராகிவிட்டது. மேலாளர் அறைக் கதவருகே நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "பார்சல் ஆபீஸ்க்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று கம்மிய குரலில் சொல்லிவிட்டு, மிஷினின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

அவள் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். பன்னிரண்டாம் எண் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து, மேலே அண்ணாந்து பார்த்தபடி அவள் கணவர் நின்றிருந்தார். மழை விட்டிருந்தது, ஆனாலும் முகம் நனைந்திருந்தது. அதை மறைக்க அந்தப் பெரிய மீசையாலும் முடியவில்லை. அவளுக்கும் கண் நிறைந்தது. மைக்கை மறுபடி போட்டாள். கொஞ்சம் காத்திருந்தாள். நிலையம் மறுபடி தலை தூக்கியது.

"ஓர் அறிவிப்பு. பன்னிரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர், எங்கிருந்தாலும் உடனடியாக எதிரில் உள்ள முடிதிருத்தும் கடைக்கு வரவும். வரும்போது மறக்காமல் மீசையையும் கொண்டுவரவும்."

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தெரியாதவர்களும் சிரித்தார்கள். அவளாலும் அடக்க முடியவில்லை. மைக்கை அணைக்க மறந்து அவளும் சிரித்துவிட்டாள். கூரை மேலிருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. கீழே ஒரு கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார், அவரைப் பார்த்து இன்னொருவர், கடைசியில் நிலையத்தில் இருந்த கண்டக்டர்கள் அத்தனை பேரும் ஊதினார்கள். இந்த முறை யாரும் அவளுக்கு வாசலைக் காட்டவில்லை.